காற்றை எண்ணாக்கும் சிவப்புப் பெட்டி

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் உட்கார். மேசைமேல் இருக்கிற அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் உன் விரல்கள் துறுதுறுக்கின்றன, தெரிகிறது. பிரித்துவிடலாம். அதற்கு முன்னால் நீ கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.

"செல்போனில் பொத்தானைத் தொட்டாலே பாட்டு பதிவாகிவிடுகிறதே! அப்புறம் எதற்கு மாமா இந்தப் பெட்டி?"

பலே! புதுப் பொருள் வந்ததும் பலரும் 'எப்படிப் போடுவது?' என்றுதான் கேட்பார்கள். நீ 'எதற்கு?' என்று கேட்டாய். அந்த மூளை உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

பதில் இதுதான். இந்தப் பெட்டி செய்கிற வேலைகளை எல்லாம் உன் செல்போனும் செய்கிறது. ஒலியைப் பெருக்கும் சுற்று, அதை எண்ணாக்கும் சில்லு எல்லாமே அதற்குள் இருக்கின்றன. ஆனால் அதில் இருக்கும் மைக் சில மில்லிமீட்டர்தான். எவ்வளவு பெருக்குவது என்பதையும் பெரும்பாலும் செல்போனே முடிவு செய்துகொள்ளும். நீ மெல்லப் பாடினால் தூக்கிவிடும். உரக்கப் பாடினால் அமுக்கிவிடும். நீ பார்த்துப் பார்த்துப் பாடிய ஏற்ற இறக்கம் காணாமல் போய்விடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற இந்தப் பெட்டியில் அதே வேலைகள் தனித்தனியாக, உன் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கின்றன. குமிழைத் திருப்பப் போவது நீ.

சரி, இப்போது பிரி. மெதுவாக.

சிவப்பு உலோகப் பெட்டி ஒன்று, ஒரு சாணுக்கும் குறைந்த அகலம். ஒரு யூஎஸ்பி கம்பி. ஒரு சிறு தாள். அவ்வளவுதான்! சுவரில் செருகுகிற அடாப்டரைத் தேடுகிறாயா? கிடையாது. யூஎஸ்பி கம்பியே கணினியிலிருந்து மின்சாரத்தையும் கொண்டுவந்துவிடும். மைக், மைக் கம்பி, ஹெட்போன் மூன்றையும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இதன் பெயர் ஸ்கார்லெட் 2ஐ2. ஃபோகஸ்ரைட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் தயாரிப்பு. ஒலி உள்ளே போக இரண்டு வழி, வெளியே வர இரண்டு வழி. முதல் 2ஐ2 வந்தது 2011இல். நம் மேசையில் இருப்பது 2019இல் வந்த மூன்றாம் தலைமுறை.

இந்த நிறுவனத்தை 1985இல் தொடங்கியவர் ரூபர்ட் நீவ். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். இங்கிலாந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே வானொலிப் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். பின்னாளில் அவர் வடிவமைத்த ஒலிக்கலவை மேசைகள் உலகின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லாம் இடம்பிடித்தன. கட்டிலை விடப் பெரிய மேசைகள் அவை! மைக்கின் ஒலியைச் சுத்தமாகப் பெருக்குகிற அந்த வேலையின் ஒரு பகுதியைத்தான் இந்தச் சிறு பெட்டி நம் வீட்டில் செய்யப்போகிறது.

முதலில் யூஎஸ்பி கம்பியைப் பெட்டியின் பின்பக்கம் செருகு. மறுமுனை கணினிக்கு. விண்டோஸ் கணினி என்றால், டிரைவர் என்கிற சிறு மென்பொருளை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி ஏற்ற வேண்டும். மேக் என்றால் அதுவும் வேண்டாம். கணினியின் ஒலி அமைப்புக்குப் போய், உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் ஸ்கார்லெட்டைத் தேர்ந்தெடு. முடிந்தது. இந்தப் பகுதியில் சுவாரசியம் ஒன்றும் இல்லை, தாண்டிப் போவோம்.

இனிமேல்தான் விளையாட்டு.

ஒலி என்றால் என்ன? பள்ளிக்கூட மணி அடித்த உடனே அதன் விளிம்பை விரல் நுனியால் தொட்டிருக்கிறாயா? விரல் கூசும். மணி அதிர்கிறது. அது பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது, மறுபடி தள்ளுகிறது. அந்தத் தள்ளல் காற்றிலேயே பயணம் செய்து உன் காதுச் சவ்வை அசைக்கிறது. நீ பாடும்போது உன் தொண்டை செய்வதும் இதே வேலைதான்.

மைக்குக்குள்ளும் ஒரு சவ்வு உண்டு. நம்மிடம் இருப்பது கண்டன்சர் மைக். இந்த வகையை 1916இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் வென்டே. இதன் சவ்வு, தங்கம் பூசிய பிளாஸ்டிக் படலம். தடிமன் சில மைக்ரான்தான். உன் தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது! அதற்குப் பின்னால், தொடாமல், ஒரு உலோகத் தகடு. நீ பாடினால் படலம் அசையும். படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும், குறையும். அதற்கு ஏற்ப மின்னழுத்தமும் கூடிக் குறையும். காற்றின் ஆட்டம் மின்சாரத்தின் ஆட்டமாகிவிட்டது.

ஆனால் அந்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி ஒன்றரை வோல்ட். மைக் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அவ்வளவு சிறிய ஒன்றைப் பத்திரமாகப் பெட்டிவரை கொண்டுவர வேண்டும்.

மைக் கம்பியைக் கையில் எடு. முனையில் மூன்று முட்கள் இருக்கின்றன, பார். இதற்கு எக்ஸ்எல்ஆர் செருகி என்று பெயர். இப்போது உனக்குச் சந்தேகம் வரவேண்டும். மின்சாரம் போய்வர இரண்டு கம்பி போதும் என்று படித்திருக்கிறாயே, மூன்றாவது எதற்கு?

நம் வீட்டுச் சுவருக்குள் மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றில் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டம் சும்மா இருக்காது. மைக் கம்பிக்குள்ளும் கொஞ்சம் நுழைந்துவிடும். ஹெட்போனில் 'ம்ம்ம்ம்' என்று கேட்கும். குரலே அத்தனை சின்னது. அதோடு இந்த இரைச்சலும் கலந்தால் என்ன ஆகும்? பெட்டி இரண்டையும் சேர்த்தே பெருக்கிவிடும்.

அதற்காகத்தான் ஒரு உபாயம். முதல் முள் வெளியே சுற்றியிருக்கும் கவச வலைக்கு. முடிந்தவரை அது இரைச்சலைத் தடுக்கும். உள்ளே இரண்டு கம்பிகள், ஒன்றோடு ஒன்று முறுக்கியபடி. ஒன்றில் உன் குரல் நேராக வரும். மற்றதில் அதே குரல் தலைகீழாக வரும்.

காகிதம், பென்சில் எடு. கணக்குப் போடலாம்.

இந்தக் கணத்தில் உன் குரலின் அளவு 3 என்று வைத்துக்கொள். முதல் கம்பியில் +3. இரண்டாவதில் −3. வழியில் இரைச்சல் நுழைகிறது, அளவு 2. இரண்டு கம்பிகளும் ஒட்டி முறுக்கியிருப்பதால், இரண்டிலும் ஒரே மாதிரி +2 நுழையும். இப்போது முதல் கம்பியில் எவ்வளவு? 5. இரண்டாவதில்? −1. சரிதானே?

பெட்டி செய்வது ஒரே ஒரு கழித்தல். 5இலிருந்து −1ஐக் கழிக்கிறது. விடை 6!

இரைச்சல் எங்கே போயிற்று? உன் குரலான 3 இரண்டு மடங்காகி வந்துவிட்டது. இரைச்சலைக் காணோம். நம்பிக்கை வரவில்லையா? இரைச்சலை 10 என்று வைத்து நீயே போட்டுப் பார். 13, 7. கழித்தால்? அதே 6. எவ்வளவு பெரிய இரைச்சல் வந்தாலும், இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக வந்தால் அடிபட்டுப் போகும். கம்பிகளை முறுக்குகிற இந்த வழி தொலைபேசிக்காரர்களிடமிருந்து வந்தது. கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த கழித்தல் கணக்குகளில் இதைவிட அழகானது இல்லை.

கம்பியைச் செருகு. 'கிளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். இரு, பெட்டியில் வேறெதையும் தொடாதே. கெயின் என்று எழுதிய குமிழ் முழுக்கக் கீழே இருக்கிறதா? நல்லது. இப்போது '48வி' என்று எழுதிய பொத்தானை அழுத்து.

கண்டன்சர் மைக்குக்குள் ஒரு சிறு சுற்று இருக்கிறது. அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதைப் பெட்டியே, அதே மைக் கம்பி வழியாக, எதிர்த் திசையில் அனுப்புகிறது. பேன்டம் பவர் என்று இதைச் சொல்வார்கள்.

அது ஏன் 48 வோல்ட்? 50 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே? இதற்கு ஒரு கதை உண்டு. 1966இல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே நாட்டு வானொலிக்குப் புது மைக் செய்து கொடுத்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்சாரம் இருந்தது. குளிர்காலத்தில் பகலிலும் இருட்டிக் கிடக்கும் நாடு அது, விளக்கு அணையக் கூடாதல்லவா? இருக்கிற மின்சாரத்தையே மைக்குக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த விளக்குகளின் 48தான் இன்று உலகம் முழுக்க, உன் விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானிலும்!

இன்னொரு புதிர். இந்த 48 வோல்ட் உன் குரலோடு கலந்துவிடாதா? யோசி. நாம் போட்ட கணக்கை மறுபடி பார்.

கண்டுபிடித்துவிட்டாயா? இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக 48 ஏற்றுகிறார்கள். பெட்டி கழிக்கும்போது அதுவும் பூஜ்யமாகிவிடும். சபாஷ்!

யூஎஸ்பி கம்பி தருவது 5 வோல்ட்தான் என்பதையும் சேர்த்துக்கொள். பெட்டிக்குள் ஒரு சுற்று அதை 48 ஆக உயர்த்துகிறது. வோல்ட் உயரும்போது எடுக்கக்கூடிய மின்னோட்டம் குறையும். மைக் குடிப்பதோ சில மில்லிஆம்பியர், அதனால் கவலையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. 48வி எரியும்போது மைக் கம்பியைப் பிடுங்காதே, செருகாதே. 'டப்' என்று பெரிய சத்தம் வரும். ஹெட்போன் மாட்டியிருந்தால் காது வலிக்கும்.

அடுத்தது, இந்தப் பெட்டியின் உயிரான வேலை. மின்சாரத்தின் ஆட்டத்தை எண்ணாக மாற்றுவது. கணினிக்கு எண் மட்டும்தானே தெரியும்?

நீ மொட்டை மாடியில் பட்டம் விடுகிறாய் என்று வை. உன் தங்கை ஒரு கட்டம் போட்ட தாளோடு பக்கத்தில் நிற்கிறாள். நொடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, பட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தாளில் ஒரு புள்ளி வைக்கிறாள். கடைசியில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், பட்டம் பறந்த விதம் தாளில் தெரியும். ஆனால் அவள் குனிந்து எழுதுகிற நேரத்தில் பட்டம் ஒரு குட்டிக்கரணம் அடித்துவிட்டால்? அது தாளில் வராது. அவள் இன்னும் வேகமாகப் புள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு வேகமாக?

இந்தக் கேள்விக்கு ஹாரி நைக்விஸ்ட் 1928இல் வழி காட்டினார். கிளாட் ஷேனன் 1949இல் தெளிவாக நிரூபித்தார். எவ்வளவு வேகமான ஆட்டத்தைப் பிடிக்க வேண்டுமோ, அதன் இரண்டு மடங்குக்கும் மேல் புள்ளி வைக்க வேண்டும். மனிதக் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 ஆட்டம் வரை. இரண்டு மடங்கு 40,000. அதற்கும் கொஞ்சம் மேலே போய், 1982இல் வந்த சிடி தட்டுக்கு 44,100 என்று வைத்தார்கள். நீ ஒரு நொடி பாடினால், நம் பெட்டி 44,100 புள்ளி வைக்கும். இது இன்னும் வேகமாக, 1,92,000 வரைக்கும் வைக்கும். பாட்டுப் பதிவுக்கு அவ்வளவு தேவையில்லை, 44,100 அல்லது 48,000 போதும்.

அடுத்து, தாளின் கட்டங்கள். கட்டம் பெரிதாக இருந்தால் உயரத்தைத் தோராயமாகத்தான் குறிக்க முடியும். பொடிப்பொடிக் கட்டமாக இருந்தால் துல்லியம் கூடும். சிடி தட்டின் தாளில் 65,536 கட்டங்கள். அதை 16 பிட் என்பார்கள். நம் பெட்டியின் தாள் 24 பிட். அதில் எத்தனை கட்டம் தெரியுமா? 1,67,77,216!

பெருக்கிப் பார்க்க ஆசையா? ஒரு புள்ளியை எழுத 24 பிட், அதாவது 3 பைட். நொடிக்கு 44,100 புள்ளி. நிமிடத்துக்கு 60 நொடி. பெருக்கினால் 79,38,000 பைட். நீ ஒரு நிமிடம் பாடினால் கணினியில் இவ்வளவு இடம் பிடிக்கும்.

இப்போது கெயின் குமிழுக்கு வா. மைக்கின் சின்ன மின்சாரத்தைப் பெருக்குவது இதுதான். முழுக்கத் திருப்பினால் அறுநூறு மடங்குக்கும் மேல். அப்படியே முழுக்கத் திருப்பிவிடலாமா?

கூடாது கண்ணு. தங்கையின் தாளுக்கு ஒரு மேல் விளிம்பு உண்டு. பட்டம் அதற்கும் மேலே போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? விளிம்பிலேயே புள்ளி வைத்துக்கொண்டு போவாள். வளைந்து ஏறி இறங்கிய இடம் தாளில் தட்டையாகிவிடும். பிறகு எத்தனை பெரிய நிபுணர் வந்து பார்த்தாலும், பட்டம் உண்மையில் எவ்வளவு உயரம் போனது என்று அந்தத் தாளிலிருந்து சொல்ல முடியாது. ஒலிப்பதிவில் இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். குரல் கரகரவென்று உடைந்து கேட்கும்.

இந்த இடத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். எண்ணாவதற்கு முன்னால் கெட்டதைப் பின்னால் முழுசாக மீட்க முடியாது. கணினியில் எத்தனை மென்பொருள் இருந்தாலும் சரி. அதனால்தான் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு நாம் இவ்வளவு நேரம் மெனக்கெடுகிறோம்.

மின்விசிறியை நிறுத்து. வியர்க்கும்தான், நாலு நிமிடம் பொறுத்துக்கொள். சமையலறையில் குக்கர் விசில் வருமா என்று அம்மாவைக் கேட்டுக்கொள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில். இப்போது பாட்டில் உச்சமான இடம் எதுவோ, அதைப் பாடு. சோதனைக்காக மெல்லப் பாடிவிட்டுப் பதிவின்போது உரக்கப் பாடுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். நீ உண்மையான சத்தத்திலேயே பாடு.

குமிழைச் சுற்றி ஒரு ஒளி வளையம் தெரிகிறதா? பச்சை என்றால் சரி. ஆரஞ்சு என்றால் விளிம்பு நெருங்குகிறது. சிவப்பு வந்தால் தாண்டிவிட்டது, குமிழைக் குறை. கணினித் திரையில் உள்ள அளவுகோலில் உன் உச்சம் −12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அது தாளின் உயரத்தில் கால் பங்கு.

"கால் பங்குதானா? மீதித் தாள் வீணாகிறதே!" என்கிறாய். நல்ல கேள்வி. அந்த ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் கட்டங்களை நினைத்துப் பார். கால் பங்கிலேயே நாற்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. சிடி தட்டின் முழுத் தாளைவிட அதிகம். பட்டம் தாழ்வாகப் பறந்தாலும் ஒரு நெளிவு கூட விட்டுப்போகாது. 24 பிட்டின் பெரிய உதவி இதுதான்.

ஹெட்போனை மாட்டு. ஸ்பீக்கர் வேண்டாம். ஸ்பீக்கரில் வரும் உன் குரல் மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, 'ஊய்ய்ய்' என்று கத்தும். கோயில் திருவிழா மைக் செட்டில் கேட்டிருப்பாயே, அதேதான்.

பாடிப் பார். என்ன, உன் குரல் உனக்கே கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறதா? கணினி எண்களை ஒவ்வொன்றாக வாங்காது. ஒரு கத்தை சேர்ந்ததும் வாங்கும். கத்தைக்கு 256 எண் என்றால், அது சேர 5.8 மில்லிநொடி ஆகும். திரும்பி வரவும் அவ்வளவு. மொத்தம் 11.6 மில்லிநொடி. இந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 4 மீட்டர் போய்விடும். கூடத்தின் மறுகோடியில் நின்று நீ பாடுவதை இங்கிருந்து நீயே கேட்கிற தாமதம் அது. பாட்டுக்காரர்களுக்குத் தாளம் தடுமாறும்.

மருந்து பெட்டியிலேயே இருக்கிறது. 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தானை அழுத்து. உன் குரல் கணினிக்குப் போகும் வழியிலேயே ஒரு கிளையாகப் பிரிந்து நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். கணினி தன் கத்தைகளைத் தன் வேகத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

பதிவு செய்ய ஆடசிட்டி என்ற மென்பொருள் போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்டது, இலவசம். அதில் அளவை 44,100 என்று வை. பாட்டை அப்புறம் பதிவு செய்யலாம். முதலில் ஒரு சோதனை.

மைக் முன்னால் ஒரே சுருதியில் நீளமாக ஒரு விசில் அடி. நாக்கை மடித்தோ, உதட்டைக் குவித்தோ, உனக்கு எப்படி வருமோ அப்படி. பதிவை நிறுத்து. திரையில் தெரியும் நீலப் பட்டையைப் பெரிதாக்கு. இன்னும் பெரிதாக்கு. பட்டை ஒரு வளைகோடாக மாறும். இன்னும் பெரிதாக்கினால் அந்தக் கோடு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். பெட்டி வைத்த புள்ளிகள் இவைதான்!

ஒரு மேட்டு உச்சியிலிருந்து அடுத்த மேட்டு உச்சி வரை எத்தனை புள்ளி என்று எண்ணு. 30 என்று வந்தால், 44,100ஐ 30ஆல் வகு. 1,470. நொடிக்கு 1,470 தடவை காற்றை ஆட்டியிருக்கிறாய். உனக்கு எத்தனை வந்தது என்று நோட்டில் எழுதிக்கொள்.

அடுத்து, அதைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒரு விசில். புள்ளிகள் கூடுமா, குறையுமா? ஊதுவதற்கு முன்னாலேயே உன் ஊகத்தை எழுதி வைத்துவிட்டு ஊது.